மூன்று தெருவுக்குக் கேட்ட 'வாங்க'

சவுரியப்பன் மாமியார் வீட்டு வாசலில் பலகாரத் தூக்கோடு நின்றான். கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது மாமியார் சென்னம்மாள் சொன்ன 'வாங்க'வா, கதவுக் கீல் போட்ட முனகலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உங்கம்மா என்னைக் கூப்பிட்டாங்களா?" என்று மனைவி தங்கம்மாளைக் கேட்டான்.

"கூப்பிட்டாங்களே, உங்க காதுல உழலீங்களா?"

"எனக்கு உழல. கதவுக்கு உழுந்திருக்கும்."

"மருமவன் முன்னால மாமியாரு குரலை உசத்தக் கூடாதுங்க. அது எங்க வூட்டு மரியாதை."

கல்யாணமாகி ஐந்து வருஷமாக இந்த மரியாதையை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதாவது, கேட்காமல் இருக்கிறான். பாப்பிரெட்டிப்பட்டியில் 'செபஸ்தியார் சவுண்ட் சர்வீஸ்' என்று மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் அவன். சித்தேரி மலை அடிவாரம் வரைக்கும் காதுகுத்தோ கலியாணமோ கட்சிக் கூட்டமோ எதுவானாலும் அவன் கட்டிய குழாய்தான் முழங்கும். ஊருக்கெல்லாம் சத்தம் போட்டுக் கொடுக்கிறவனுக்கு மாமியார் வீட்டில் ஒரு சத்தம் கிடைக்கவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணி பஸ் வந்ததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

அந்த பஸ்ஸில் ராஜப்பன் வந்து இறங்கினார். தங்கம்மாளின் அக்கா குள்ளம்மாளைக் கட்டியவர். அவள் கிறிஸ்மஸுக்கே வந்துவிட்டிருந்தாள். பெங்களூரில் இரும்புத் தகடு அடிக்கிற பெரிய தொழிற்சாலையில் வேலை. வெள்ளைப் பேன்ட், கையில் தோல் பை. அவர் தெருமுனையில் திரும்பியதுமே சென்னம்மாள் கதவு, மரியாதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடி வந்தாள்.

"வாங்க மாப்ளே! வாங்க! பிரயாணமெல்லாம் சௌரியமா மாப்ளே!"

மூன்று தெருவுக்குக் கேட்டது. கூரைமேல் நின்ற கோழி பறந்து போனது. பக்கத்து வீட்டுச் செல்லி வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். செல்லி சந்தையில் கருவாடு விற்கிறவள். அவள் குரலைத் தாண்டி ஒரு குரல் கேட்கவேண்டுமென்றால் அது எவ்வளவு பெரிய குரலாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுரியப்பனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு கலியாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

"பாத்தியா? இப்ப எங்க போச்சி உங்க வூட்டு மரியாதை?"

"அது மாமாவுக்குங்க... பாவம், அவருக்கு வந்து..."

"பாவமா? அவனுக்கா? போதும் நிறுத்து."

தங்கம்மாள் நிறுத்தினாள். அவளுக்கு இது பழக்கம். அக்கா வீட்டுக்காரர் பேச்சை எடுத்தாலே புருஷன் எழுந்துபோய்க் கடையில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரைத் திருகி, ஏதாவது ஒரு ரெக்கார்டை அலற விட்டுவிடுவான். ஐந்து வருஷத்தில் ராஜப்பனைப் பற்றி அவள் தொடங்கிய எந்த வாக்கியமும் முற்றுப்புள்ளியைப் பார்த்ததில்லை.

அப்படியும் தப்பித் தவறி அவன் காதில் விழுந்ததெல்லாம் புகழ்ச்சிதான். மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அக்கா எவ்வளவு திட்டினாலும் அவருக்குக் கோபமே வராது.

அதற்கு மேல் ராஜப்பனுக்கு ஒரு குரல் வேறு இருந்தது. அவர் சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே மேடையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். மைக் தேவைப்படாத மனிதர்களை சவுரியப்பனுக்குத் தொழில் ரீதியாகவே பிடிக்காது.

கிறிஸ்மஸ் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. பூசைக்குப் போய் வந்து இட்டிலி சாப்பிட்டதும் ராஜப்பன் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார்.

"தம்பி! ஒகேனக்கல்லுல இன்னிக்கு இங்கிலீசு பாட்டுக் கச்சேரி! பெங்களூர்ப் பசங்க மூணு செட்டு வந்திருக்கானுங்க! எங்க ஆபீசர் மவன் ஒரு செட்டுல டிரம் அடிக்கிறான்! ரெண்டு பாஸ் குடுத்திருக்கான்! கெளம்பு!"

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?" என்று சவுரியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

ராஜப்பன் சிரித்துத் தலையாட்டினார். "சரி, அப்ப பத்தரை பஸ்ஸுக்குப் போலாம்!"

திமிரைப் பார், நான் சொன்னது ஒரு பொருட்டாகவே இல்லை என்று சவுரியப்பன் பல்லைக் கடித்தான். போகாமலே இருந்துவிடலாம். ஆனால் ராஜப்பன் மட்டும் போய்வந்து, சாயங்காலம் அந்தக் கச்சேரி எப்படி இருந்தது என்று கூடத்தில் உட்கார்ந்து அளந்தால், சென்னம்மாள் அதை நடுத்தெருவில் நின்று பாராட்டுவாள். அதற்குக் கூடவே போய்த் தொலையலாம்.

கிளம்பும்போது தங்கம்மாள் பின்னாலேயே வந்தாள். "ஏங்க, மாமாவைக் கொஞ்சம் கையோட கூட்டிக்கிட்டுப் போங்க. ரோட்டைத் தாண்டறப்ப பாத்து. அவருக்கு..."

"நான் என்ன அவனுக்கு எடுபிடியா?" என்று சொல்லிவிட்டு சவுரியப்பன் விறுவிறுவென்று நடந்தான்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மலையிறக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு போனது.

"அங்க என்ன மாதிரி பாட்டுண்ணே பாடுவாங்க?" என்று சவுரியப்பன் வேண்டாவெறுப்பாகக் கேட்டான். ராஜப்பன் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிலே இல்லை. கொஞ்சதூரம் போனபிறகு அவராகவே திரும்பி, நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

"பாட்டுன்னா இதுதான் தம்பி! நேரா இங்க வந்து உக்காரும்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஆற்றங்கரையில் மணல்மேட்டில் சவுக்குக் கம்பம் நட்டு மேடை போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு ஜெனரேட்டர். மேடையின் இரண்டு பக்கமும் பீரோ உயரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர்ப் பெட்டிகள். தோள்வரை முடி வளர்த்த பையன்களும், பையன்களைவிடக் குட்டையாக முடி வெட்டிய பெண்களும் மணலில் கிடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் பரிசல்காரர்களும் மீன் வறுக்கிற பெண்களும் இது என்ன கூத்து என்று நின்றார்கள்.

மேடைத் துணியில் இங்கிலீஷில் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன. சவுரியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். எலெக்ட்ரிக் மேங்கோ. பிளாக் லாரி. தண்டர் அங்கிள்.

"மாம்பழத்துக்கு எதுக்குடா கரண்டு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

ராஜப்பன் யாரையும் கேட்காமல் நேராக முன்னால் போய், இடதுபக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பழைய சிநேகிதனின் தோளில் போடுகிற மாதிரி பெட்டிமேல் கையையும் போட்டுக்கொண்டார். என்னமோ இவர் சம்பளத்தில் வாங்கிப் போட்ட பெட்டி.

எலெக்ட்ரிக் மேங்கோ ஆரம்பித்தது.

சவுரியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பின்னால் அருவி விழுந்துகொண்டிருந்ததே, அது நின்றுபோனதா என்று திரும்பிப் பார்த்தான். விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம்தான் வரவில்லை.

கொஞ்சம் கையை எடுத்துக் கேட்டான். தொழில்காரன் காதல்லவா? கிதார் சத்தம் கரகரவென்று பிய்ந்து பிய்ந்து வந்தது. மறுபடி கேட்டான். சந்தேகமே இல்லை. அவனுக்குள் ஒரு சந்தோஷம் ஊற்றெடுத்தது. பெங்களூர்க்காரன் செட்டில் கோளாறு!

ராஜப்பனிடம் ஓடினான். "அண்ணே! ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சி கெடக்குது! காதுல உழுதா? என் செட்டு பதினோரு வருசத்துல ஒரு தடவை இப்படிக் கரகரத்தது கெடையாது!"

ராஜப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையாட்டினார்.

'ஆமாம்' என்று ஒப்புக்கொண்டார் என்று சவுரியப்பன் எடுத்துக்கொண்டான். இன்றைக்கு இதைச் சரிசெய்து கொடுத்தால், சாயங்காலம் ராஜப்பனே வீட்டில் சொல்வார். அந்தப் பெரிய குரலில் சொல்வார். அதற்கப்புறம் சென்னம்மாள் எந்த மாப்பிள்ளையை நடுத்தெருவில் நின்று கூப்பிடுவாள் என்று பார்த்துவிடலாம்.

மேடைக்குப் பின்னால் போனான். பொத்தான்கள் நிறைந்த ஒரு பலகைக்கு முன்னால் தாடி வைத்த ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"சார்! கோன் கிழிஞ்சிருக்குதுங்க!"

தாடிக்காரன் கண்ணைத் திறந்தான். "இன்னா மேன்? நீ ஜெனரேட்டர் ஆளா? எங்க மேன் போயிட்டே இவ்ளோ நேரம்?"

உண்மையான ஜெனரேட்டர் ஆள் மீன்கடையில் இரண்டாவது தட்டில் இருந்தார். சவுரியப்பன் 'இல்லை' என்று சொல்லவில்லை. 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை. சட்டைக் கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டான்.

"சரி, இங்கயே நின்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தாடிக்காரன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் வேலையாக கிதாரின் பொத்தானைத் தேடிப் பிடித்து, பத்திலிருந்து நாலுக்குக் குறைத்தான். நாலு என்பது கலியாண வீட்டு அளவு. பந்தியில் சாம்பார் கேட்டால் காதில் விழும்.

மேடையில் கிதார்க்காரன் தன் சத்தம் போனதை உணர்ந்தான். தன்னிடம் இருந்த பொத்தானை முழுசாகத் திருகிவிட்டு, பெட்டிக்கு நேராகப் போய் கிதாரை நீட்டினான். 'கூஊஊ' என்று ஒரு கூவல் கிளம்பியது.

மைக் கூவினால் சவுண்டுக்காரன் சோற்றுக் கையோடு ஓடுவான். சவுரியப்பனும் ஓடினான். இந்தப் பொத்தானைக் குறைத்தான், அந்தப் பொத்தானைக் குறைத்தான். கிதார்க்காரன் இன்னும் நெருங்கிப் போனான். கூவல் ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டில் போய் முட்டித் திரும்பியது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று ஊளையிட்டது.

'அடிக்கப் போறானுங்க' என்று சவுரியப்பன் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தான். எட்டிப் பார்த்தால், கூட்டம் சந்தோஷமாகக் குதித்துக்கொண்டிருந்தது. ராஜப்பன் இரண்டு கையையும் தலைக்குமேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

பிளாக் லாரி மேடை ஏறியது. இப்போது எல்லாவற்றுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். இது எர்த் கோளாறு. இதற்கு மருந்து சவுரியப்பனுக்குத் தலைகீழ்ப் பாடம். எர்த் கம்பியை ஈர மண்ணில் நட வேண்டும், அவ்வளவுதான். இந்த மடையர்கள் காவிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காய்ந்த மணலில் நட்டிருக்கிறார்கள்.

கம்பியை மணலிலிருந்து பிடுங்கினான். ஈரமான இடம் பார்த்துத் தண்ணீரை நோக்கி நாலடி வைத்தான். அந்த நாலடிக்குள் மேடையில் பாடுகிறவன் மைக்கில் உதட்டை வைத்துவிட்டான்.

ஒரு அலறல். ஷாக் அடித்த பாடகன் மூன்றடி உயரம் எம்பி, பின்னால் போய் டிரம்களின் மேல் விழுந்தான். சவுரியப்பன் கம்பியை நின்ற இடத்திலேயே குத்திவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். சேசுவே, ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைமுடிதான் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. கூட்டமோ அதைப் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து, அதேமாதிரி அலறி, அதேமாதிரி மூன்றடி எம்பியது. "ஒன்ஸ் மோர்!" என்று கேட்டது. பாடகன் 'ஒன்ஸ் மோர்'க்குத் தயாராக இல்லை. மைக்கிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்று, கடிக்கிற நாயைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே பாடினான். அவன் குரல் எடுபடவில்லை என்று தாடிக்காரன் எல்லாப் பொத்தானையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டான்.

பாட்டு ஓய்ந்த ஒரு நொடியில் கூட்டத்துக்கு மேலே ஒரு குரல் வந்தது.

"தம்பி! இன்னும் ஏத்து தம்பி! இன்னும்!"

ராஜப்பன்தான். அவனைப் பார்த்துக் கையை மேலே மேலே காட்டினார்.

சவுரியப்பனுக்கு வந்ததே கோபம்! எனக்கு உத்தரவு போடுகிறானா? மாமியார் வீட்டில்தான் ராஜா என்றால் இங்கேயுமா? பதினோரு வருஷம் செட்டு வைத்திருப்பவன் நான், எனக்கு இவன் சொல்லித் தரப்போகிறானா?

ஏற்றுவதா? இறக்கிக் காட்டுகிறேன் பார்.

மூன்றாவது செட்டு, தண்டர் அங்கிள், சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தது. ராஜப்பனின் ஆபீசர் மகன் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து ராஜப்பனுக்குக் கையசைத்தான். கிதார்க்காரனின் காலடியில் கைக்கு அடக்கமாக ஒரு சின்னப் பெட்டி இருப்பதை அப்போதுதான் சவுரியப்பன் கவனித்தான். கிதாரின் ஒயர் அந்தப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. கிதார்க்காரன் அதை மிதித்தால் கரகர. மறுபடி மிதித்தால் கரகர இல்லை.

கோளாறு கோனில் இல்லை. இந்தப் பெட்டியில்!

கிதார்க்காரன் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, கிதார் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவி நேராக ஆம்ப்ளிஃபயரில் குத்தினான். பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டான். ஜெனரேட்டர் பக்கத்தில் கிடந்த சாக்கு ஒன்றை ஆற்றில் நனைத்து, ராஜப்பன் கைவைத்திருந்த ஸ்பீக்கர்ப் பெட்டியின் வாய்க்குள் திணித்தான். உதறல் நிற்க அது ஒரு கைவைத்தியம். கடைசியாக, தாடிக்காரன் சிகரெட் பற்றவைக்கத் திரும்பியபோது, எல்லாப் பொத்தானையும் நாலில் வைத்தான்.

தண்டர் அங்கிள் ஆரம்பித்தது. ஆரம்பித்ததா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்தது. கிதார் வீணை மாதிரி 'டொய்ங்' என்றது. டிரம் அடுத்த ஊரில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி கேட்டது. கிதார்க்காரன் காலடிப் பெட்டியை மிதித்தான். ஒன்றும் இல்லை. ஓங்கி மிதித்தான். குதித்தே மிதித்தான்.

"வறுவல் சூடா இருக்குதுங்க, வாங்க!" என்று மீன்கடைப் பெண் கூவியது தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

இதுதான் சவுண்டு என்று சவுரியப்பன் பெருமூச்சு விட்டான். பெருமையோடு சகலையைப் பார்த்தான்.

ராஜப்பன் பெட்டியின் மேல் வைத்த கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். இரண்டு கையையும் வைத்தார். குனிந்து, நெற்றியைப் பெட்டியில் சாய்த்தார். பிறகு நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கூட வந்தவர்களைத் தவறவிட்ட குழந்தையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஐந்து வருஷமாக அந்த முகத்திலிருந்து அந்தச் சிரிப்பைத் துடைத்துவிட வேண்டும் என்று சவுரியப்பன் படுக்கையில் கிடந்து திட்டம் போட்டிருக்கிறான். இப்போது துடைத்தாகிவிட்டது. வெல்லம் மாதிரி இனிக்க வேண்டும். இனிக்கவில்லை. பாவமாக இருந்தது. இவனைப் பார்த்து எனக்கு எதற்குப் பாவம் வருகிறது என்று தன்மேலேயே அவனுக்கு எரிச்சலாக வந்தது.

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு மீன்தலை பறந்து வந்தது. இன்னொன்றும் வந்தது. கிதார்க்காரன் ஒயரைப் பிடித்துக்கொண்டே அது போகிற வழியில் தேடிவந்தான். சவுரியப்பன் முந்திக்கொண்டு ஒயரை மறுபடி காலடிப் பெட்டியில் செருகினான். மேடையிலிருந்து குதித்து, சாக்கைப் பிடுங்க ஓடினான். ஈரச் சாக்கு இறுகிப்போயிருந்தது. தலையை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

அங்கே தாடிக்காரன் பலகையைப் பார்த்துவிட்டான். "எவன் மேன் எல்லாத்தையும் நாலுல வெச்சது?" என்று கத்திக்கொண்டு எல்லாவற்றையும் பத்துக்குத் தள்ளினான். கிதார்க்காரன் பெட்டியை மிதித்தான். டிரம்காரன் தன் பங்குக்கு ஓங்கி அடித்தான்.

சாக்கும் சவுரியப்பனும் ஒன்றாக மணலில் வந்து விழுந்தார்கள்.

எழுந்து உட்கார்ந்தான். கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. கிதார்க்காரன் முடியைச் சிலுப்பிக்கொண்டிருந்தான். ராஜப்பன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். எல்லாம் சரியாகிவிட்டது. சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. 'ஙொய்' என்று ஒரு வண்டுதான் காதுக்குள் சுற்றியது.

ராஜப்பன் அவனைப் பார்த்தார். பெட்டியை விட்டுவிட்டு வந்து, அவன் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிக் காட்டினார். பிறகு, மீதிக் கச்சேரியைக்கூடப் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துத் தாண்டவைத்தார்.

வழியில் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரி ஏதோ கேட்டாள். சவுரியப்பனுக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது. சவுண்டுக்காரனுக்குக் காது அடைத்துப்போனது என்று வெளியே தெரிந்தால் அப்புறம் எவன் செட்டு எடுப்பான்? அதனால் சிரித்துத் தலையாட்டினான். அவள் இன்னொரு மீனை வைத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ சொன்னார். அதற்கும் சிரித்துத் தலையாட்டினான். எதிர்ச் சீட்டு ஆசாமியிடமும் அதே. பென்னாகரம் வருவதற்குள் அந்த பஸ்ஸில் அவனுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது ராஜப்பன் முதலில் உள்ளே போனார். குள்ளம்மாளிடம் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். சவுரியப்பன் வாசலிலேயே தயங்கி நின்றான். தான் செய்த கூத்தையெல்லாம் சொல்லிவிட்டாரா? எர்த் கம்பியைச் சொல்லியிருப்பாரா? ஈரச் சாக்கைச் சொல்லியிருப்பாரா?

அப்போது சென்னம்மாள் வெளியே வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக நடுத்தெருவுக்கே வந்தாள்.

"வாங்க சின்ன மாப்ளே! வாங்க! போயிட்டு வந்தீங்களா மாப்ளே!"

கூரைமேல் நின்ற கோழி மறுபடி பறந்தது. காதுக்குள் சுற்றிய வண்டைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குள் போய் இறங்கியது.

சவுரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷம்! ஐந்து கிறிஸ்மஸ், ஐந்து ஈஸ்டர்! ராஜப்பன் நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார். பெங்களூர் செட்டையே தம்பி சரிசெய்து கொடுத்தான் என்று சொல்லியிருக்கிறார். இந்த மனிதரைப் போய் இவ்வளவு நாள் கரித்துக் கொட்டிவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உக்காருங்க மாப்ளே! வெந்நி வெக்கட்டுங்களா, சோறு போடட்டுங்களா!"

சிரித்துத் தலையாட்டினான். இரண்டும் வந்தது.

கூடத்தில் இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்தார்கள். கோழிக் கால் இரண்டு. ஆளுக்கு ஒன்று விழுந்தது. "குழம்பு ஊத்தட்டுங்களா!" என்று குள்ளம்மாள் இந்தப் பக்கம் முழங்கினாள். "மெதுவாச் சாப்பிடுங்க!" என்று தங்கம்மாள் அந்தப் பக்கம் முழங்கினாள். அவள் கண்ணில்கூட ஈரம் தெரிந்தது. புருஷன் பெருமையைக் கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் நெஞ்சு நெகிழாது?

சவுரியப்பன் சகலையைத் திரும்பிப் பார்த்தான். ராஜப்பன் அவனைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். அவனும் சிரித்துத் தலையாட்டினான். இனி பொறாமைக்கு என்ன இருக்கிறது? இரண்டு பேரும் சமம். கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, மூன்று தெருவுக்கும் கேட்ட அந்த 'வாங்க'வை மனசுக்குள் இன்னொருதரம் போட்டுக் கேட்டுக்கொண்டான்.

வேலிக்கு மேலே செல்லியின் தலை தெரிந்தது. இரண்டு மாப்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கருவாட்டுச் சந்தையே கேட்கிற அந்தக் குரலில் அவள் கேட்டாள்:

"ஏங்க சென்னம்மாக்கா! பெரிய மருமவனுக்குத்தான் மிசினு சத்தத்துல காது செத்துப்போயி, எட்டு வருசமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டு கெடக்கறீங்க... இப்ப சின்னவருக்கும் போயிடுச்சுங்களா?"